உப்புத் தண்ணீரா, சிலிகானா? மார்பக இம்ப்ளான்ட் தேர்வில் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

மார்பகப் பெரிதாக்க அறுவை சிகிச்சை பற்றி மொபைலில் தேடத் தொடங்கினால், சில நிமிடங்களிலேயே இரண்டு வார்த்தைகள் எதிரே வந்து நிற்கும். ஒன்று சலைன், இன்னொன்று சிலிகான். எதைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வி அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது.

'சலைன்னா வெறும் உப்புத் தண்ணி தானே, உடைஞ்சாலும் ஒண்ணும் ஆகாது' என்று ஒரு பக்கம் சொல்கிறார்கள். 'சிலிகான் தான் இயல்பா இருக்கும், இப்போ யாரு சலைன் வைக்கிறாங்க?' என்று இன்னொரு பக்கம் சொல்கிறார்கள். இரண்டிலுமே பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி தெரியாமல் முடிவெடுத்தால், அதன் விலையை அடுத்த இருபது, முப்பது ஆண்டுகளுக்கு உடம்பு கொடுக்க வேண்டியிருக்கும்.

சலைன் இம்ப்ளான்ட் எப்படி வேலை செய்கிறது, அது எங்கே நல்லது, எங்கே சரிப்படாது, மருத்துவரிடம் என்னென்ன கேட்க வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

சலைன் இம்ப்ளான்ட் என்பது என்ன?

காய்ச்சல் முற்றி ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் கையில் ட்ரிப்ஸ் ஏற்றுவார்கள். அந்த பாட்டிலில் பெரும்பாலும் இருப்பது 0.9 சதவீத உப்புக் கரைசல். அதாவது ஒரு லிட்டர் தண்ணீரில் 9 கிராம் சோடியம் குளோரைடு. ரத்தத்தின் உப்பு அளவோடு ஏறக்குறைய ஒத்துப்போவதால் உடம்பு அதை எளிதாக ஏற்றுக்கொள்ளும். சலைன் இம்ப்ளான்ட்டுக்குள் இருப்பதும் கிருமி நீக்கப்பட்ட இதே கரைசல்தான்.

அறுவை சிகிச்சையின்போது காலியான பையை பலூன் மாதிரி சுருட்டி, சிறிய கீறல் வழியே உள்ளே நுழைப்பார்கள். மார்பகத் திசுவுக்குக் கீழே அல்லது மார்புத் தசைக்குக் கீழே அதற்கென ஓர் இடம் உருவாக்கப்பட்டிருக்கும். பை அங்கே போய் உட்கார்ந்ததும், மெல்லிய குழாய் வழியாக சலைனை நிரப்புவார்கள். தேவையான அளவு வந்ததும் குழாயை எடுத்துவிடுவார்கள். பையில் இருக்கும் வால்வு தானாக மூடிக்கொள்ளும்.

சிலிகான் இம்ப்ளான்ட் அப்படியல்ல. அது தொழிற்சாலையிலேயே ஜெல் நிரப்பி, மூடி, குறிப்பிட்ட அளவில் வருகிறது. உள்ளே வைத்த பிறகு கூட்டவோ குறைக்கவோ முடியாது.

இங்கே பலரும் கவனிக்காமல் விடும் ஒரு விஷயம் உண்டு. சலைன் இம்ப்ளான்ட்டின் மேலுறையும் சிலிகான் ரப்பரால் ஆனதுதான். உள்ளே இருப்பது உப்புத் தண்ணீர், வெளியே இருப்பது சிலிகான். 'எனக்கு சிலிகானே வேண்டாம், அதனால் சலைன்' என்று ஒருவர் தேர்வு செய்தால், அவர் தவிர்ப்பது ஜெல்லை மட்டும்தான்.

டாட்டூவை அழிக்க வந்தவரிடம் தொடங்கிய கதை

மார்பகத்தை வேறு பொருளால் நிரப்பும் முயற்சிக்கு நூறு ஆண்டுக்கும் மேலான வரலாறு உண்டு. 1895-ல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் வின்சென்ஸ் செர்னி என்ற அறுவை சிகிச்சை நிபுணர், கட்டி அகற்றப்பட்ட ஒரு பெண்ணின் மார்பகத்தை, அவருடைய உடம்பிலேயே வேறிடத்தில் இருந்த கொழுப்புக் கட்டியை எடுத்து நிரப்பினார். அதன்பிறகு பாரஃபின் மெழுகு, திரவ சிலிகான் என்று என்னென்னவோ ஊசி மூலம் ஏற்றப்பட்டன. பல பெண்களுக்கு அவை கட்டிகளையும் புண்களையும் தான் தந்தன.

இன்று நாம் பார்க்கும் இம்ப்ளான்ட் வந்தது 1962-ல். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் ஹூஸ்டனில், டிம்மி ஜீன் லிண்ட்சி என்ற பெண் டாட்டூவை அழிக்க மருத்துவமனைக்குப் போனார். ஆறு குழந்தைகளின் தாய். அங்கிருந்த மருத்துவர்கள் தாமஸ் க்ரோனினும் ஃபிராங்க் ஜெரோவும் புதிதாக உருவாக்கியிருந்த சிலிகான் ஜெல் இம்ப்ளான்ட்டை வைத்துக்கொள்ள அவரிடம் சம்மதம் கேட்டார்கள். அவருக்கு அதைவிட, துருத்திக்கொண்டிருக்கும் காதைச் சரிசெய்வதுதான் பெரிய ஆசை. இரண்டும் நடந்தது. உலகில் முதன்முதலில் சிலிகான் ஜெல் இம்ப்ளான்ட் பொருத்தப்பட்ட பெண் அவர்தான்.

இரண்டே ஆண்டில், 1964-ல், பிரான்ஸில் சலைன் இம்ப்ளான்ட் வந்தது. உருவாக்கியது அங்குள்ள ஆரியோன் ஆய்வகம். காலிப் பையை உள்ளே வைத்துவிட்டுப் பிறகு நிரப்பினால் கீறல் சின்னதாக இருக்கும் என்பதுதான் அதன் அடிப்படை யோசனை. ஆனால் ஆரம்பகால சலைன் இம்ப்ளான்ட்டுகள் அதிகம் கசிந்தன. மேலுறையும் வால்வும் மேம்பட்ட பிறகே அவை நிலைத்தன.

அமெரிக்காவில் 14 ஆண்டுகள் சலைன் மட்டும்

1980-களின் இறுதியில் அமெரிக்காவில் சிலிகான் ஜெல் மீது புகார்கள் குவிந்தன. இம்ப்ளான்ட் உடைந்து ஜெல் கசிந்ததால் மூட்டுவலி, தீராத சோர்வு, நோய் எதிர்ப்பு மண்டலக் கோளாறுகள் வந்ததாகப் பெண்கள் வழக்குத் தொடர்ந்தார்கள். 1992-ல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ., அழகு நோக்கத்துக்காக சிலிகான் ஜெல் இம்ப்ளான்ட் வைப்பதை நிறுத்திவைத்தது. புற்றுநோய்க்குப் பிந்தைய சீரமைப்பு போன்ற தேவைகளுக்கு மட்டும், அதுவும் ஆய்வுகளின் கட்டுப்பாட்டில், அனுமதி கிடைத்தது.

பெரிய தயாரிப்பாளரான டவ் கார்னிங் நிறுவனம் வழக்குகளின் சுமை தாங்காமல் 1995-ல் திவால் பாதுகாப்பு கோரியது. 1998-ல் 320 கோடி டாலர் இழப்பீட்டுக்கு ஒப்புக்கொண்டது.

இதற்கிடையே அறிவியல் ஆய்வுகளும் நடந்தன. அமெரிக்காவின் மருத்துவக் கழகம் 1999-ல் வெளியிட்ட அறிக்கை, சிலிகான் இம்ப்ளான்ட் உடல் முழுவதையும் பாதிக்கும் நோய்களை உண்டாக்குகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை என்றது. உண்மையான பெரிய பிரச்சினை மார்பகத்திலேயே ஏற்படும் சிக்கல்கள்தான் என்றும் சொன்னது. உடைதல், இறுகுதல், திரும்பத் திரும்ப அறுவை சிகிச்சை ஆகியவை அவை.

2000-ம் ஆண்டு மே மாதம் இரண்டு நிறுவனங்களின் சலைன் இம்ப்ளான்ட்டுகளுக்கு எஃப்.டி.ஏ. முறையான ஒப்புதல் தந்தது. சிலிகான் ஜெல் திரும்பி வந்தது 2006 நவம்பரில்தான். ஆக, 1992 முதல் 2006 வரை அமெரிக்காவில் அழகுக்காக இம்ப்ளான்ட் வைத்த பெண்களில் பெரும்பாலோருக்கு சலைன்தான் கிடைத்தது. சலைன் பற்றி இணையத்தில் இன்று கிடைக்கும் அனுபவங்களில் பலவும் அந்தக் காலத்தவை.

தடை நீங்கியதும் காற்று திசை மாறியது. இன்று உலகம் முழுக்க பெரும்பாலான மருத்துவர்களும் பெண்களும் சிலிகானைத்தான் தேர்வு செய்கிறார்கள். இந்தியாவிலும் அதே நிலைதான். ஆனாலும் சலைன் காணாமல் போகவில்லை. அதற்கு முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது.

உடைந்தால் தெரியுமா? இதுதான் பெரிய வித்தியாசம்

சலைன் இம்ப்ளான்ட் கசிந்தால் மறைக்க முடியாது. சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ மார்பகம் காற்றுப்போன பலூன் மாதிரி சுருங்கிவிடும். சில சமயம் வால்வில் மெதுவான கசிவு இருந்தால் வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். வெளியேறிய உப்புக் கரைசலை உடம்பு உறிஞ்சி, சிறுநீராக வெளியேற்றிவிடும். கண்ணாடியில் பார்த்தாலே தெரிந்துவிடும் என்பதால் ஸ்கேன் தேவையில்லை.

சிலிகான் ஜெல் அப்படி இல்லை. இன்றைய ஜெல் கெட்டியானது. மேலுறை கிழிந்தாலும் பெரும்பாலும் அங்கேயே நிற்கும். வெளியே வடிவம் மாறாது, வலியும் இருக்காது. 'சத்தமில்லாத உடைப்பு' என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். அதனால்தான் சிலிகான் வைத்தவர்கள் அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும், 5 அல்லது 6 ஆண்டுகள் கழித்து ஒரு முறையும், பிறகு 2 அல்லது 3 ஆண்டுக்கு ஒரு முறையும் அல்ட்ராசவுண்ட் அல்லது எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்க வேண்டும் என்று எஃப்.டி.ஏ. பரிந்துரைக்கிறது.

சலைனை இன்றும் சிலர் விரும்பிக் கேட்பதற்குக் காரணம் இதுதான். 'உள்ளே என்ன நடக்குதுன்னு தெரியாம இருக்க வேண்டாம்' என்ற நிம்மதி. ஸ்கேன் செலவும் மிச்சம்.

ஆனால் இந்த நிம்மதிக்கு மறுபக்கமும் உண்டு. ஒரு திங்கட்கிழமை காலையில் ஒரு பக்கம் மட்டும் சுருங்கிப்போனால், அடுத்த அறுவை சிகிச்சை வரை அப்படியேதான் அலுவலகம் போக வேண்டும். அதிக நாள் தள்ளிப்போடவும் முடியாது. இம்ப்ளான்ட் இருந்த இடம் சுருங்கிவிட்டால், மாற்று இம்ப்ளான்ட் வைப்பது சிரமமாகும். உயிருக்கு ஆபத்தில்லை என்பது உண்மை. அலைச்சலும் செலவும் இல்லை என்று அதற்கு அர்த்தம் இல்லை.

தொட்டால் எப்படி இருக்கும்?

சலைன் பின்தங்குவது இங்கேதான். தண்ணீர் ஜெல்லைவிட எளிதாக அசையும். அதனால் மேலுறையில் மடிப்புகள் விழும். தோலுக்கு அடியில் அவை அலை அலையான சுருக்கங்களாகத் தெரியலாம், விரலுக்கும் தட்டுப்படலாம். குனியும்போது மார்பின் பக்கவாட்டிலும் கீழ்ப்பகுதியிலும் இது அதிகம் தெரியும்.

இயல்பிலேயே ஓரளவு மார்பகத் திசு இருப்பவர்களுக்கு அது மேலே போர்வை மாதிரி மூடிவிடும். அவர்களுக்கு சலைனுக்கும் சிலிகானுக்கும் வெளித்தோற்றத்தில் பெரிய வித்தியாசம் தெரியாமல் போகலாம். ரொம்ப ஒல்லியானவர்கள், இயல்பான திசு மிகக் குறைவாக இருப்பவர்கள், புற்றுநோய்க்காக மார்பகத்தை அகற்றியவர்கள் ஆகியோருக்கு அந்தப் போர்வை இல்லை. சுருக்கங்கள் அப்படியே வெளியே தெரிய வாய்ப்பு அதிகம். தசைக்கு அடியில் வைத்தால் மேல்பகுதியில் இது குறையும். ஆனால் தசை முழு மார்பகத்தையும் மூடாது என்பதால் ஓரங்களில் பிரச்சினை மிஞ்சலாம்.

எவ்வளவு நிரப்புகிறார்கள் என்பதும் முக்கியம். ஒவ்வொரு பைக்கும் இத்தனை சிசி முதல் இத்தனை சிசி வரை என்று தயாரிப்பாளர் ஒரு வரம்பு கொடுத்திருப்பார். அதைவிடக் குறைவாக நிரப்பினால் மடிப்பு அதிகமாகும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப மடங்கி மேலுறை சீக்கிரம் தேயும், கிழியும். வரம்பை மீறி நிரப்பினால் பந்து மாதிரி இறுக்கமாகிவிடும், ஓரங்கள் நெளியும்.

இந்தக் குறையைத் தீர்க்க உள்ளே பல அடுக்கு உறைகளும் தனித்தனி அறைகளும் கொண்ட புதுவகை சலைன் இம்ப்ளான்ட் ஒன்றுக்கு 2014-ல் எஃப்.டி.ஏ. ஒப்புதல் கொடுத்தது. தண்ணீர் அலைபாய்வதை அந்த அடுக்குகள் தடுக்கும். ஆனால் அது எல்லா நாட்டிலும் கிடைத்த சரக்கு அல்ல.

தழும்பும் அளவும்: சலைனுக்கு ஒரு பிளஸ்

காலிப் பையாக நுழைவதால் சலைனுக்கு சிறிய கீறலே போதும். மார்பகத்தின் கீழ் மடிப்பு, முலைக்காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் ஓரம், அக்குள் ஆகிய மூன்றும் வழக்கமான இடங்கள். தொப்புள் வழியாக நுழைத்து மார்பு வரை கொண்டுபோகும் முறையும் உண்டு. அது சலைனில் மட்டுமே சாத்தியம். ஆனால் அந்த முறையில் அனுபவமுள்ள மருத்துவர்கள் குறைவு.

இரண்டாவது வசதி, இரண்டு பக்கமும் சமமில்லாதவர்களுக்கு. பெரும்பாலான பெண்களுக்கு இரு மார்பகங்களும் ஒரே அளவில் இருப்பதில்லை. சிலருக்கு இந்த வித்தியாசம் வெளிப்படையாகவே தெரியும். சலைனில், அறுவை சிகிச்சை மேஜையிலேயே ஒரு பக்கம் கொஞ்சம் கூட்டியும் மறுபக்கம் குறைத்தும் சரிசெய்ய முடியும்.

அளவு பற்றிப் பேசும்போது ஒரு குழப்பம் வரும். 'எனக்கு சி கப் வேணும்' என்று கேட்பது வழக்கம். இம்ப்ளான்ட்டுகள் கப் கணக்கில் வருவதில்லை, சிசி கணக்கில்தான் வரும். 300 சிசி ஒருவருக்குப் பெரிதாகத் தெரியும், அகன்ற மார்புள்ள இன்னொருவருக்குச் சாதாரணமாகத் தெரியும். மார்பின் அகலம், தோலின் நெகிழ்வு, ஏற்கெனவே உள்ள திசு ஆகியவற்றை அளந்துதான் அளவை முடிவு செய்ய வேண்டும். வேறொருவரின் போட்டோவைக் காட்டி 'இதே மாதிரி' என்று கேட்பதால் பயன் இல்லை.

எதை வைத்தாலும் வரக்கூடிய சிக்கல்கள்

சலைன் என்றால் கவலையே இல்லை என்று நினைப்பவர்கள் இந்தப் பகுதியைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

இறுகுதல்: எந்த அந்நியப் பொருள் உள்ளே போனாலும் உடம்பு அதைச் சுற்றி மெல்லிய தழும்பு உறை ஒன்றைக் கட்டிவிடும். அது இயல்பானது. சிலருக்கு அந்த உறை தடித்து, இம்ப்ளான்ட்டை நெரிக்கத் தொடங்கும். மார்பகம் கல் மாதிரி ஆகும், வடிவம் மாறும், வலிக்கும். பேக்கர் அளவுகோலின்படி இதை 1 முதல் 4 வரை தரம் பிரிக்கிறார்கள். 3, 4 என்றால் பெரும்பாலும் மறு அறுவை சிகிச்சைதான்.

அரிய வகைப் புற்றுநோய்: இம்ப்ளான்ட்டைச் சுற்றிய உறையில் உருவாகும் ஒருவகை நிணநீர்ப் புற்றுநோய் பற்றி 2011-லேயே எஃப்.டி.ஏ. எச்சரித்தது. இது மார்பகப் புற்றுநோய் அல்ல, அரிதானது. ஆனால் உயிரைப் பறித்திருக்கிறது. 2019 ஜூலை நிலவரப்படி உலக அளவில் 573 பேருக்கு இந்தப் பாதிப்பும், 33 மரணங்களும் எஃப்.டி.ஏ.வின் பதிவில் இருந்தன. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு ஒரே நிறுவனத்தின் சொரசொரப்பான மேலுறை கொண்ட இம்ப்ளான்ட்டுகள் இருந்ததால், அல்லர்கான் நிறுவனம் தன் 'பயோசெல்' வகையை உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது.

இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், ஆபத்தோடு தொடர்புடையது உள்ளே இருக்கும் பொருள் இல்லை. மேற்பரப்பு வழுவழுப்பா, சொரசொரப்பா என்பதுதான். சொரசொரப்பான சலைன் இம்ப்ளான்ட்டிலும் இது வந்திருக்கிறது. 'சலைனா, சிலிகானா?' என்று கேட்பவர்கள் அதே மூச்சில் 'மேற்பரப்பு என்ன வகை?' என்றும் கேட்க வேண்டும்.

2022 செப்டம்பரில், இதே உறையில் வேறு சில அரிய புற்றுநோய்களும் பதிவாகியுள்ளதாக எஃப்.டி.ஏ. தெரிவித்தது. ஆண்டுகள் கழித்துத் திடீர் வீக்கம், வலி, கட்டி, தோல் மாற்றம் எது வந்தாலும் உடனே காட்ட வேண்டும்.

உடல் முழுக்க வரும் அறிகுறிகள்: தீராத சோர்வு, மூட்டுவலி, ஞாபக மறதி, தோல் தடிப்பு ஆகியவை இம்ப்ளான்ட்டுக்குப் பிறகு வந்ததாகப் பல பெண்கள் சொல்கிறார்கள். இரண்டு வகை வைத்தவர்களும் சொல்கிறார்கள். காரணம் இன்னும் முழுமையாகப் பிடிபடவில்லை. இம்ப்ளான்ட்டை அகற்றியதும் சிலருக்குக் குணமாகிறது. 'எல்லாம் மனப்பிரமை' என்று ஒதுக்கித் தள்ளாமல், இந்த வாய்ப்பை முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்பது எஃப்.டி.ஏ.வின் நிலைப்பாடு. 2021 அக்டோபர் முதல் அமெரிக்காவில் இம்ப்ளான்ட் பெட்டியில் கட்டமிட்ட எச்சரிக்கையும், பெண் ஒவ்வொரு வரியையும் படித்துக் கையெழுத்துப் போடும் பட்டியலும் கட்டாயம்.

இவற்றோடு நோய்த்தொற்று, ரத்தக்கட்டு, முலைக்காம்பில் உணர்வு குறைவது போன்ற வழக்கமான சிக்கல்களும் உண்டு.

'இயற்கையானது' என்ற சொல்லை நம்பலாமா?

நம்பும் முன்பு இரண்டு சம்பவங்களைத் தெரிந்துகொள்வது நல்லது. 1990-களில் ஐரோப்பாவில் 'ட்ரைலூசன்ட்' என்ற பெயரில் சோயா எண்ணெய் நிரப்பிய இம்ப்ளான்ட் விற்பனைக்கு வந்தது. சாப்பிடும் எண்ணெய்தானே, உடைந்தால் என்ன என்பதுதான் எதிர்பார்ப்பு. உடம்புக்குள் அந்த எண்ணெய் சிதையும்போது உருவாகும் பொருட்கள் பற்றி சந்தேகம் எழுந்தது. 1999-ல் விற்பனை நின்றது. அடுத்த ஆண்டே, வைத்திருப்பவர்கள் அகற்றிக்கொள்ளுமாறு பிரிட்டன் அரசு அறிவுறுத்தியது.

இரண்டாவது, பிரான்ஸின் பி.ஐ.பி. நிறுவனம். மருத்துவத் தரமில்லாத, மலிவான தொழிற்சாலை சிலிகானை நிரப்பி ஆண்டுக்கணக்கில் விற்றது. 2010-ல் பிடிபட்டபோது சுமார் 3 லட்சம் பெண்களின் உடம்பில் அந்த நிறுவனத்தின் இம்ப்ளான்ட்டுகள் இருந்தன. நிறுவனர் ஜான் க்ளோட் மாஸுக்கு 2013-ல் 4 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது.

உள்ளே என்ன பொருள் என்பதைப் போலவே, யார் தயாரித்தது, எந்த அமைப்பு ஒப்புதல் கொடுத்தது என்பதும் அதே அளவுக்கு முக்கியம்.

ஒரு முறை செலவு இல்லை

எந்த இம்ப்ளான்ட்டும் ஆயுளுக்கும் வராது. 'பத்து வருஷம் ஆனா கட்டாயம் மாத்தணும்' என்பதும் தவறு. பிரச்சினை இல்லாதவரை இருக்கலாம். ஆனால் வருடம் ஏற ஏற சிக்கலுக்கான வாய்ப்பும் ஏறும். அழகுக்காக வைத்தவர்களில் ஐந்தில் ஒருவர் வரை 10 ஆண்டுகளுக்குள் அகற்ற வேண்டியிருக்கும் என்பது எஃப்.டி.ஏ.வின் மதிப்பீடு.

இதை வயதோடு சேர்த்துப் பார்த்தால்தான் புரியும். 25 வயதில் வைத்துக்கொள்பவருக்கு முன்னால் 50 ஆண்டு வாழ்க்கை இருக்கிறது. மயக்க மருந்து, அறுவை சிகிச்சை, லீவு, செலவு என்ற சுற்று குறைந்தது ஒரு முறையாவது திரும்ப வரும் என்று வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். இன்றைக்கு இ.எம்.ஐ. போட்டுச் செய்துகொள்பவர், அடுத்த முறைக்கு யார் பணம் கொடுப்பார்கள் என்றும் யோசிக்க வேண்டும். தயாரிப்பாளர் வாரன்டி இருந்தால், கசிந்த இம்ப்ளான்ட்டுக்குப் பதில் புதிது கிடைக்கலாம். அறுவை சிகிச்சைச் செலவு முழுதும் அதில் அடங்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

அகற்றிவிட்டால் பழைய நிலைக்குத் திரும்புமா? எப்போதும் இல்லை. தோல் தளர்ந்து, திசு மெலிந்திருக்கலாம்.

தாய்ப்பால், மேமோகிராம்

இம்ப்ளான்ட் வைத்த பலரும் தாய்ப்பால் கொடுக்கிறார்கள். ஆனால் சிலருக்குப் பால் குறையலாம். கருவட்ட ஓரத்தில் கீறல் போடும்போது பால்நாளங்களும் நரம்புகளும் பாதிக்கப்பட வாய்ப்பு கூடுதல். இனிமேல் குழந்தை பெற நினைப்பவர்கள் கீறல் எங்கே என்பதைப் பேசி முடிவெடுப்பது நல்லது. கர்ப்பத்துக்குப் பிறகு மார்பக வடிவம் மாறும் என்பதால், அதுவரை தள்ளிப்போடுவதும் ஒரு வழி.

மேமோகிராம் எடுக்கும்போது இரண்டு வகையும் திசுவின் ஒரு பகுதியை மறைக்கும். எடுப்பவரிடம் முன்கூட்டியே சொன்னால், இம்ப்ளான்ட்டைப் பின்னுக்குத் தள்ளி கூடுதல் படங்கள் எடுப்பார்கள். குடும்பத்தில் மார்பகப் புற்றுநோய் இருந்தால், அறுவை சிகிச்சைக்கு முன்பே இதைப் பேசிவிட வேண்டும்.

தமிழ்நாட்டில் நிலை என்ன?

2018 பிப்ரவரியில் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மார்பக அறுவை சிகிச்சைக்கென இலவச கிளினிக் தொடங்கப்பட்டது. ஏழைகளுக்கும் இந்த சிகிச்சை கிடைக்க வேண்டும் என்று அன்றைய சுகாதாரத் துறை அமைச்சர் சி.விஜயபாஸ்கர் அப்போது வாதிட்டார். அரசுப் பணத்தை இதற்குச் செலவிடலாமா என்று விமர்சனமும் எழுந்தது. மார்பகத்தின் அளவு காரணமாக தோள்வலி, முதுகுவலியோடு வாழ்பவர்களும், புற்றுநோயில் மார்பகத்தை இழந்தவர்களும் இருக்கும்போது, இது வெறும் அழகு சம்பந்தப்பட்டது மட்டுமில்லை என்பது ஆதரித்தவர்களின் பதில்.

தனியாரில் செய்துகொள்பவர்கள் மூன்று விஷயங்களை மனதில் வைக்க வேண்டும். ஒன்று, அழகு அறுவை சிகிச்சைக்கு மருத்துவக் காப்பீடு பொதுவாகக் கிடைக்காது. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிந்தைய சீரமைப்பு என்றால் விதிவிலக்கு உண்டு. இரண்டு, மருத்துவ சேவைக்கு உள்ள ஜி.எஸ்.டி. விலக்கு அழகு அறுவை சிகிச்சைக்குப் பொருந்தாது. மூன்று, மருத்துவரின் தகுதி. பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். அல்லது அதற்கு இணையான டி.என்.பி. படித்தவரா என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 'காஸ்மெடிக் நிபுணர்' என்ற போர்டு மட்டும் தகுதி ஆகாது.

இந்தியாவில் சலைன் கேட்டால் 'அது இப்போ வர்றதில்லை' என்ற பதில் கிடைக்கலாம். பல இடங்களில் அதுதான் நிஜ நிலவரம். அப்படிச் சொல்லும்போது, அது கிடைக்காததால் சொல்கிறாரா, உங்கள் உடல்வாகுக்குப் பொருந்தாததால் சொல்கிறாரா என்று பிரித்துக் கேட்க வேண்டும். இரண்டும் வேறு வேறு பதில்கள்.

அப்படியானால் யாருக்கு சலைன்?

உடைந்தால் உடனே தெரிய வேண்டும் என்பதே முதல் கவலையாக இருப்பவர்கள், ஓரளவு மார்பகத் திசு உள்ளவர்கள், இரு பக்கமும் அளவு வித்தியாசம் அதிகம் உள்ளவர்கள், சிறிய தழும்பை விரும்புபவர்கள் சலைனைப் பரிசீலிக்கலாம். 18 முதல் 21 வயது வரை உள்ளவர்களுக்கு அமெரிக்காவில் அழகு நோக்கத்துக்கு சலைன் மட்டுமே அனுமதி. சிலிகானுக்கு 22 வயது ஆக வேண்டும்.

ரொம்ப ஒல்லியானவர்கள், தொட்டால் இயல்பாக இருக்க வேண்டும் என்பதை முதன்மையாக நினைப்பவர்கள், ஒரு பக்கம் திடீரென சுருங்குவதை ஏற்க முடியாதவர்கள் ஆகியோருக்கு சிலிகான் பொருந்தலாம். அவர்கள் அதோடு வரும் ஸ்கேன் அட்டவணையையும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

சிறிய மாற்றம் போதும் என்றால், சொந்தக் கொழுப்பை எடுத்து நிரப்பும் முறையும் இருக்கிறது. எதுவுமே செய்யாமல் இருப்பதும் ஒரு முழுமையான தேர்வுதான். 'விமானத்தில் போனா வெடிச்சிடும்' என்பது மட்டும் சுத்தப் பொய். அந்தப் பயம் எந்தப் பக்கத் தராசிலும் ஏற வேண்டியதில்லை.

கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

1. என் திசு அளவுக்கு சலைன் வைத்தால் சுருக்கம் எவ்வளவு தெரியும்?
2. இம்ப்ளான்ட்டின் நிறுவனம், மாடல் எது? இந்தியாவில் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி உள்ளதா?
3. மேற்பரப்பு வழுவழுப்பானதா, சொரசொரப்பானதா?
4. தயாரிப்பாளர் சொன்ன வரம்புக்குள் தான் நிரப்புவீர்களா? திறந்த பாத்திரத்தில் இல்லாமல், மூடிய கிருமியற்ற குழாய் அமைப்பில்தானே நிரப்புகிறீர்கள்?
5. தசைக்கு மேலா, கீழா? ஏன்?
6. கீறல் எங்கே? தாய்ப்பாலைப் பாதிக்குமா?
7. மயக்க மருந்து கொடுப்பது யார்? அவசரம் என்றால் ஐ.சி.யு. வசதி அங்கேயே உண்டா?
8. கசிந்தால் அல்லது இறுகினால் மறு அறுவை சிகிச்சைக்கு எவ்வளவு ஆகும்? யார் கொடுப்பது?
9. நீங்கள் செய்தவர்களில் மறு அறுவை சிகிச்சை தேவைப்பட்டது எத்தனை பேருக்கு?
10. வரிசை எண்ணோடு கூடிய இம்ப்ளான்ட் அட்டை கையில் கிடைக்குமா?

கடைசிக் கேள்வியைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். பத்து ஆண்டு கழித்து ஒரு நிறுவனம் தன் தயாரிப்பைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தால், உங்கள் உடம்பில் இருப்பது அதுதானா என்று சொல்லக்கூடிய ஒரே ஆதாரம் அந்த அட்டைதான். போட்டோ எடுத்து மெயிலில் போட்டு வைப்பது நல்லது.

இந்தப் பத்துக்கும் பொறுமையாகப் பதில் சொல்லும் மருத்துவர், 'கொஞ்ச நாள் யோசிச்சிட்டு வாங்க' என்றும் சொல்வார். 'இந்த வாரம் புக் பண்ணா ஆஃபர்' என்று யாராவது சொன்னால், அங்கிருந்து கிளம்பிவிடுவதே நல்லது.